பெயர் மட்டும் மிஞ்சிய படக்கொட்டகைகள்



கோலாலம்பூர்ப் பெட்டாலிங் தெருவுக்கு அருகே ஒரு சந்தைச் சந்து இருக்கிறது. அங்கே கறி லக்சா உண்பதற்கென்றே பல ஊர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். விற்பவர்கள் சீனர்கள், உண்பவர்களில் பல இனத்தாரும் உண்டு. அந்த இடத்தை எல்லாரும் ‘மெட்ராஸ் லேன்’ என்று அழைக்கிறார்கள். சீனர் விற்கும் லக்சாவுக்கும் மெட்ராஸுக்கும் என்ன உறவு என்று கேட்டால், வரிசையில் நிற்கும் இளைஞர்கள் பலருக்குப் பதில் தெரியாது.

பதில் இதுதான். அங்கே ‘மெட்ராஸ் தியேட்டர்’ என்ற படக்கொட்டகை ஒன்று இருந்தது. 1970களின் இறுதியில் அது தீக்கு இரையாகிவிட்டது. பிறகு அந்த இடம் கார் நிறுத்தும் இடமாயிற்று. கட்டடம் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெயர் மட்டும் போகவில்லை.

அந்தப் பெயர் மிஞ்சியிருப்பதால்தான் இன்று இந்தப் பேச்சே எழுகிறது. கோலாலம்பூரில் ஒரு காலத்தில் வட்டாரந்தோறும் இருந்து இப்போது மறைந்துவிட்ட படக்கொட்டகைகளைப் பற்றியும், அவற்றுக்கும் தோட்டத்து மக்களாகிய நமக்கும் இருந்த உறவைப் பற்றியும் சற்றுச் சிந்திப்போம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்று வழங்கும் சாலையை நம் பெரியவர்கள் ‘பத்து ரோடு’ என்பார்கள். அந்தச் சாலையில் கொலிசியம் தியேட்டர் எழுந்தது 1920களின் தொடக்கத்தில். படங்கள் பேசத் தொடங்காத காலம் அது. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ சென்னையில் வெளிவந்ததே 1931இல்தான். அதே சாலையில் 1936இல் ஓடியன் கட்டப்பட்டது. போர் முடிந்தபின், 1947இல், ஜாலான் சுல்தானில் ரெக்ஸ் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் லிடோ இருந்தது. மலாய், சீன, இந்தி, ஆங்கிலப் படங்களோடு தமிழ்ப் படங்களும் இந்நகரத்துக் கொட்டகைகளில் முறைபோட்டு ஓடின.

இந்தத் தொழிலில் இந்தியர் பங்கு பார்ப்பதோடு நின்றுவிடவில்லை. முதல் மலாய்ப் படம் எனச் சொல்லப்படும் ‘லைலா மஜ்னூன்’ 1933இல் சிங்கப்பூரில் உருவானது. அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ். ராஜ்ஹன்ஸ். பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ 1950இல் வெளிவந்தது. அதை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். ஆகவே, மலாய்க்காரர் பார்த்துக் கண்ணீர்விட்ட படத்திலும் நம்மவர் கைவண்ணம் இருந்திருக்கிறது.

சரி, தோட்டத்தில் இருந்தவர்களுக்கும் பட்டணத்துத் தியேட்டருக்கும் என்ன தொடர்பு? வயதானவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்.

நாங்கள் சிறுவர்களாய் இருந்த 1960களில், புதுப்படம் வந்திருக்கும் செய்தியை ஒலிபெருக்கி கட்டிய வேன் கொண்டுவரும். சாலையிலிருந்து செம்மண் பாதையில் அது இறங்கும்போதே லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் ஓடுவோம். மஞ்சளும் இளஞ்சிவப்புமாக அச்சடித்த நோட்டீசுகளை வீசிக்கொண்டே போவார்கள். எழுத்துத் தெரிந்த பிள்ளை அதை உரக்கப் படிக்கவேண்டும். ஆயாக் கொட்டகையில் இருக்கும் கிழவியும், பால் வாளியை இறக்கிவைத்த பெண்களும் சுற்றி நின்று கேட்பார்கள். அன்று மாலையே லயத்தில் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

கணக்கு எளிதல்ல. முன்வரிசை டிக்கெட் 65 காசு என்று எங்களுக்கு நினைவு. அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள், போக வர லோரிக் கூலி, நடுவில் ஆளுக்கொரு பொட்டலம் கச்சாங் பூத்தே என்று எல்லாம் கூட்டினால், பால் வெட்டும் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பே அதில் கரைந்துவிடும். ஆகையால் சம்பளத் தேதிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பயணம். தீபாவளி, பொங்கல் என்றால் தனி. பத்துமலைக்குத் தைப்பூசத்துக்கு வந்தவர்கள், காவடி பார்த்த கையோடு படமும் பார்த்துவிட்டுப் போவதுண்டு.

தியேட்டர் வாசலில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது துணியில் எழுதிய பெரிய படம். கதாநாயகனின் முகம் ஓர் ஆள் உயரம் இருக்கும். அடுத்து மூக்கில் படுவது கச்சாங் பூத்தே வாசனை. தலையில் தட்டு வைத்திருப்பவர் நம்மவராகத்தான் இருப்பார். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு, கொண்டைக்கடலை ஆகியவற்றைப் பழைய தாளில் கூம்பாகச் சுற்றிக் கொடுப்பார். ஈப்போ புந்தோங்கில் இந்தத் தொழிலைச் செய்யும் குடும்பங்களால் ஒரு கம்பத்துக்கே ‘கச்சாங் பூத்தே கம்பம்’ என்று பெயர் வந்துவிட்டது.

உள்ளே போனால் வகுப்புகள் உண்டு. விலை குறைந்த இடம் திரைக்கு மிக அருகில். கழுத்தை அண்ணாந்து பார்க்கவேண்டும். மர நாற்காலிகளில் மூட்டைப்பூச்சிக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்தில் நாங்கள் எங்கே நின்றாலும் யாரோ ஒருவரின் கண்ணுக்குக் கீழேதான் நின்றோம். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது மண்டோர், பால் நிறுக்கும்போது கிராணி, காட்டைச் சுற்றி வரும்போது துரை. தியேட்டரில் விளக்கு அணைந்ததும் அந்த மேற்பார்வை இல்லை. 65 காசு கொடுத்தவனுக்கு மூன்று மணி நேரம் அந்த நாற்காலி சொந்தம். அப்பாக்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததை நாங்கள் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

காட்சியில் ‘நெகாராக்கூ’ நாட்டுப்பண் ஒலிக்கும்போது எல்லாரும் எழுந்து நிற்போம். 1960களின் பிற்பகுதியை நினைத்துப் பாருங்கள். 1968இல் வந்த வேலை அனுமதிச் சட்டத்தினால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வைத்திருக்கவேண்டும் என்றாயிற்று. இந்த நாட்டிலேயே பல்லாண்டு உழைத்தும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர் பலர் வேலை இழந்தார்கள், பலர் கப்பலேறினார்கள். அப்படிக் கலங்கிக் கிடந்த பெரியவர்களும் நாட்டுப்பண் ஒலித்தபோது நேராக எழுந்து நின்றதை நாங்கள் கண்டோம்.

இனி, படம் எப்படித் திரையில் ஓடியது என்பதையும் தெரிந்துகொள்வோம். இப்போது கணினி வழியே படம் ஓடுகிறது. அன்று ஓடியது 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிம் சுருள். ஒரு வினாடிக்கு 24 படங்கள் விளக்கின் முன்னே நின்று நின்று நகரும். நம் கண் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறியாமல் ஒரே அசைவாகக் காணும். 1,000 அடி நீளமுள்ள ஒரு சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். ‘பதினாறு ரீல் படம்’ என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம்.

விளக்கோ, இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எழும் கண்ணைப் பறிக்கும் ஒளி. குச்சிகள் எரிந்து குறையக் குறைய ஆப்பரேட்டர் அவற்றை நெருக்கி வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். சற்று அயர்ந்தால் திரை மங்கும். கீழேயிருந்து விசில் பறக்கும். ஒரு சுருள் முடியும் தருணத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். அதைக் கண்டதும் அடுத்த எந்திரத்தை ஓட்டவேண்டும். புள்ளியை நாங்களும் பார்த்திருக்கிறோம். அதன் பொருள் அன்று தெரியாது.

பழைய தியேட்டர்களில் தீ விபத்து ஏன் அஞ்சப்பட்டது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1950களின் தொடக்கம் வரையில் பிலிம் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் என்ற பொருளால் செய்யப்பட்டது. பற்றிக்கொண்டால் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது. அதனால்தான் படம் ஓட்டும் அறையைத் தடித்த சுவரும் இரும்புக் கதவுமாகக் கட்டினார்கள். பின்னர் வந்த பிலிம் அவ்வளவு ஆபத்தானதல்ல. ஆனாலும் மரப்பலகை, திரைச்சீலை, பழைய மின்கம்பி நிறைந்த கட்டடங்களுக்குத் தீ என்றும் எதிரியாகவே இருந்தது. மெட்ராஸ் தியேட்டர் போயிற்று. ரெக்ஸ் 1972இல் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டு 1976இல் திறக்கப்பட்டது.

பட்டணத்துக்குப் போக முடியாதவர்களுக்குத் திடல் படம் இருந்தது. 1946இல் தொடங்கப்பட்ட மலாயன் பிலிம் யூனிட் எடுத்த செய்திப் படங்களையும் சுகாதாரப் படங்களையும் தகவல் இலாகாவின் வேன்கள் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் கொண்டுவந்தன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், முள்வேலிக்குள்ளே அடைபட்டுக் கிடந்த மக்களுக்கும் அவை காட்டப்பட்டன. சில தோட்டங்களில் திருவிழாவுக்குத் தமிழ்ப் படமும் வரும். அதற்குச் சிறிய 16 மில்லிமீட்டர் எந்திரம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சுருள் முடிந்ததும் படம் நிற்கும். மாற்றும்வரை பிள்ளைகள் விளக்கு ஒளியில் கைவிரலால் மான், நாய் காட்டுவார்கள்.

வெள்ளைத் துணியைத் திடலின் நடுவே கட்டியிருந்தால் இரண்டு பக்கமும் படம் தெரியும். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கம் பாய் விரிப்பார்கள். அங்கே எழுத்தெல்லாம் தலைகீழ்ப் பக்கமாக ஓடும். கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான். பட்டணத்துத் தியேட்டருக்கு முதல்முறை போன ஒரு சிறுவன், “இவன் ஏன் இன்றைக்கு வலக்கையால் சண்டை போடுகிறான்?” என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தான்.

நேயர்களே, தியேட்டர் நமக்குத் தந்தவற்றில் பெரியது எது என்று கேட்டால், பாட்டுப் புத்தகம் என்றே நாம் சொல்லுவோம். இதைக் கேட்டுச் சிலர் வியக்கலாம். படத்தின் கதைச் சுருக்கமும் பாடல்களும் அச்சிட்ட மெல்லிய புத்தகம் அது. சில காசுக்கு வாசலில் விற்பார்கள்.

எங்கள் லயத்தில் ஓர் அக்காள் இருந்தார். தம்பி, தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவேண்டி இரண்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். பாட்டு எல்லாம் வானொலியில் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். புத்தகத்தை விரித்து, தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டே விரலால் எழுத்தைத் தொட்டுக்கொண்டு போவார். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று அப்படியே பிடித்துக்கொண்டார். ஓராண்டில் பாட்டுப் புத்தகம் முடிந்து பத்திரிகைக்கு வந்துவிட்டார்.

ஒரு சம்பள நாளில் அவர் சீட்டை வாங்கியவர் அங்கேயே நின்று படித்தார். பால் எடையில் மூன்று நாள் கணக்கு, ஸ்டோரில் உரக்கச் சொன்னதைவிடக் குறைவாக எழுதப்பட்டிருந்தது. “ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்று பணிவோடுதான் சொன்னார். அதற்கு முன் எங்கள் வரிசையில் எந்தப் பெண்ணும் சீட்டைப் படித்துக் கேள்வி கேட்டதில்லை. கணக்குத் திருத்தப்பட்டது. அடுத்த மாதத்திலிருந்து பெண்கள் பலர் தங்கள் சீட்டையும் அவரிடம் நீட்டத் தொடங்கினார்கள். அவர் கேட்ட கேள்விக்கு வேர், சில காசுக்கு வாங்கிய ஒரு பாட்டுப் புத்தகத்தில் இருந்தது.

தியேட்டரை வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போவதும் நியாயமாகாது. கள்ளுக்கடைக்குப் போகாதவனும் படத்துக்காகக் கடன் வாங்கிய கதை உண்டு. ஒரே படத்தை ஐந்து முறை பார்த்துவிட்டுப் பிள்ளையின் பள்ளிச் சட்டையைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. நடிகர் கட்சி பிரிந்து லயத்துக்கு லயம் சண்டையிட்டதும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்வதுதான் முறை.

பிறகு இந்தக் கொட்டகைகள் ஏன் மறைந்தன? 1963 டிசம்பர் 28ஆம் நாள் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. தொடக்கத்தில் தோட்டத்து மண்டபத்தில் ஒரு பெட்டி, அதன் முன்னே நூறு பேர். அப்போது தியேட்டருக்கு அது பெரிய போட்டியாகத் தெரியவில்லை. 1980களில் வீடியோ நாடாக்கள் வந்தன. சென்னையில் வெளியான படம் சில நாளில் வாடகைக் கடைக்கு வந்துவிட்டது. ஒரு நாடாவை எடுத்தால் ஒரு லயமே பார்க்கலாம். முன்வரிசை நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. பட்டணத்தில் நிலத்தின் விலை ஏறியது. ஒரே ஒரு திரைக்காக அவ்வளவு பெரிய மனையை வைத்திருப்பது கட்டுப்படியாகவில்லை. 1990களில் பேரங்காடிகளுக்குள்ளே பல சிறு அரங்குகள் கொண்ட தியேட்டர்கள் வந்தன.

அதே காலத்தில் வேறொன்றும் மறைந்தது. தியேட்டருக்கு லோரியில் வந்து இறங்கினார்களே, அந்த மக்கள் வாழ்ந்த தோட்டங்களே மறையத் தொடங்கின. பெட்டாலிங் ஜெயா 1950களில் எழுந்தது எப்பிங்ஹாம் தோட்ட நிலத்தில். புத்ராஜெயா 1990களில் எழுந்தது பிராங் புசார் தோட்டம் இருந்த நிலத்தில். ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனை அழிந்து வீடமைப்பு வந்தது. லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைக்கும், பிறகு அடுக்குமாடிக்கும் சிதறின. பட்டணத்துக்கு அருகே குடிவந்தும், பட்டணத்தில் தாங்கள் அறிந்த ஒரே கட்டடமாகிய தியேட்டர் அங்கே இல்லாததைக் கண்டவர்கள் எத்தனையோ பேர்.

ஓடியன் நீண்ட நாள் பூட்டிக் கிடந்து, 2010களில் இடிக்கப்பட்டது. ரெக்ஸ் 2002இல் மூடப்பட்டது. ஆனால் கட்டடம் தப்பியது. 2019 முதல் அது கலை நிகழ்ச்சிகளுக்கும் கடைகளுக்கும் உரிய இடமாகப் புத்துயிர் பெற்றது. படம் பார்த்த அரங்கிலேயே பின்னர் ஒரு பெரிய புத்தகக் கடையும் திறக்கப்பட்டது. கொலிசியத்தை 2006இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டு கலாசார நிலையமாக்கத் திட்டமிட்டபோது, அது தியேட்டராகவே இருக்கட்டும் என்று பலர் குரல் கொடுத்தார்கள். அப்படியே இருந்தது, நம் காலத்திலும் அதில் தமிழ்ப் படம் ஓடியது.

ஆகவே, ஒரு கட்டடம் நிற்பதும் போவதும் நிலவிலையால் மட்டும் முடிவாவதில்லை. அது எங்களுக்கு வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. மெட்ராஸ் லேன் என்ற பெயரை யாரும் சட்டம் போட்டுக் காக்கவில்லை. மக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அதனால் நிலைத்தது. நம் தோட்டங்களின் பெயரோ? அடுக்குமாடியில் பிறந்த பேரப்பிள்ளையிடம், “உன் தாத்தா எந்தத் தோட்டம்?” என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் விழிப்பார்கள்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். ஒரு பழைய பள்ளிப் பயிற்சி நூலை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள பெரியவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், எந்த ஊர்த் தியேட்டரில் முதல் படம் பார்த்தார், யாரோடு போனார், டிக்கெட் எவ்வளவு என்று கேட்டு, அவர் சொல்லுகிறபடியே பிள்ளைகள் எழுதட்டும். படத்தின் கதையைக் கேட்டால் தயங்காமல் பேசாத தாத்தாவே கிடையாது. படத்தில் தொடங்கினால் தோட்டத்துக்கு அவரே வந்துவிடுவார். பெட்டியின் அடியில் பாட்டுப் புத்தகமோ, நோட்டீசோ, பழைய சம்பளச் சீட்டோ இருந்தால் பழந்தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஓர் உறையில் இட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

நாம் சொன்ன அந்த அக்காள் காலமாகிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியில் பாட்டுப் புத்தகங்கள் பதினேழு இருந்தன. ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் பென்சிலால் தம் பெயரை எழுதிப் பார்த்திருக்கிறார். முதல் புத்தகத்தில் எழுத்து கோணலாக இருக்கிறது. கடைசிப் புத்தகத்தில் நேராக இருக்கிறது. இப்போது அவருடைய பேத்தி அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பெட்டியையும் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.